லைட் செக்

…மூன்று பல்லி முட்டை, அதில் ஒன்று வெறும் ஓடு, ஒரு ஸ்டேப்ளர் பின், நாலு வருஷத்துக்கு முன்னால் தொலைந்துபோன என் தோட்டுத் திருகாணி, அதற்காக வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோமே, இங்கேயா வந்து கிடந்தாய் நீ, அப்புறம் தூசி, தூசி என்றால் லேசுப்பட்ட தூசியா, ஃபேன் இறக்கையில் கம்பளி போர்த்தியது போல் படிந்து கிடக்கிறது, பதினோரு வருஷம் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி எப்படித்தான் மூச்சு விட்டதோ… மூச்சு என்றதும் கை நின்றுவிடுகிறது. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், காலையிலேயே ஆரம்பித்தால் அன்றைய பொழுது முழுக்க அதுவே ஓடும். புளோயரை எடுத்து இன்னொரு முறை அடிக்கிறேன். மாடி அறை முழுக்கப் புகை மாதிரி எழும்புகிறது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது பார்த்தால் பொன்னமராவதியில் பட்டப்பகலில் திருட வந்தவள் என்று நினைப்பார்கள். கீழே 'சித்திரம் ஸ்டுடியோ' ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறது. ஆடி மாதம், கல்யாணம் இல்லை, சடங்கு இல்லை, காதுகுத்து இல்லை, வருகிறவர்கள் எல்லாம் பாஸ்போர்ட் சைஸ்காரர்கள்தான், அவர்களும் மணி அடித்தால் கேட்கும். வீட்டுக்காரர் காரையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். இந்த மாதிரி ஒரு நாள் வருஷத்தில் எத்தனை கிடைக்கும், வீடு எனக்கு, மாடி எனக்கு, இந்தப் பெட்டியும் எனக்கு, நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

மகள் அறிவுமதிதான் முதலில் சொன்னாள், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், அவளுக்கு எங்கள் பீரோவைக் கண்டாலே ஆகாது, ஏனென்றால் அதில் பட்டுப்புடவைக்குக் கீழே ஒன்பது ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டு, பழைய துண்டில் சுற்றி. "அம்மா, இதுக்குப் பேரு பேக்கப் இல்ல, இது அந்துருண்டை போட்ட குப்பை" என்றாள். பேச்சைப் பாரு. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை, ஒரு டிஸ்க்கில் இருப்பது இன்னொன்றில் கிடையாது, ஒன்று போனால் போனதுதான். புதிதாகக் கம்ப்யூட்டர் எதுவும் வாங்க வேண்டாம், ஆல்பம் டிசைன் பண்ணிய அந்தப் பழைய கம்ப்யூட்டரே போதும், சும்மாதானே மூலையில் கிடக்கிறது, அதில் புது டிஸ்க் ரெண்டைப் போட்டு, பென்டிரைவில் அவள் அனுப்புகிற சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டால் அது சர்வர் ஆகிவிடும், எந்தப் படத்தைப் போட்டாலும் ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும், ஒன்று செத்தாலும் ஒன்று இருக்கும் என்றாள். சர்வர் என்றதும் எனக்குப் பரிமாறுகிற ஆள்தான் ஞாபகம் வந்தது. அதுவும் சரிதான், இந்தப் பெட்டி பதினோரு வருஷத்தில் எத்தனை கல்யாணத்துக்குப் பரிமாறியிருக்கிறது, பொண்ணு முகத்துப் பருவையெல்லாம் இதில்தானே துடைத்தேன், மாப்பிள்ளைக்கு முன்வழுக்கையில் முடி வைத்ததும் இதில்தான். வேலையிலிருந்து நின்றவர்களுக்குக் கோயிலில் ஒரு பொறுப்பு கொடுத்து உட்கார வைப்பது மாதிரி இதற்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

டிஸ்க் ரெண்டையும் திருகி முடுக்கியாயிற்று, ஒயர் மாட்டியாயிற்று, ஸ்விட்சைப் போட்டால் விர்ரென்று ஒரு சத்தம், ஒரு பீப், நல்ல பிள்ளை… தேதியைக் காட்டு பார்ப்போம் என்றால் இரண்டாயிரத்துப் பதினாலு ஜனவரி ஒன்று என்கிறது. நேற்றும் அதையே சொன்னது. உள்ளே வட்டமாக ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்துபோனால் கரண்டை நிறுத்தும்போதெல்லாம் காலத்தை மறந்துவிடுமாம், வாட்ச் கடையில் நேற்றே ஒன்று வாங்கி வைத்தேன், வாங்கிய இடம் ஞாபகம் இருக்கிறது, வைத்த இடம் ஞாபகம் இல்லை, எனக்கும் பேட்டரி மாற்ற வேண்டும் போல. அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. போட்டு, தேதியைத் திருத்தி, ஒருமுறை அணைத்துவிட்டுப் பார்த்தால் மறக்காமல் இன்றைய தேதியைச் சொல்கிறது, ஒரு காசு அளவு பேட்டரிக்குள் இத்தனை வருஷமா. அப்புறம் டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நீலத் திரை வரும், அதில் பென்டிரைவை வரிசையில் முதலாவதாக வைக்க வேண்டும், 'கரண்ட் போய் வந்தால் தானே எழுந்திரு' என்பதற்கு ஒரு இடம் இருக்கிறது, அதை ஆன் பண்ண வேண்டும், எல்லாம் அறிவுமதி வாட்ஸப்பில் நம்பர் போட்டு எழுதியிருக்கிறாள், ஏழாவதற்குப் பக்கத்தில் மட்டும் 'இதை மறந்துராதம்மா' என்று மூன்று தடவை. மறப்பேனா, இந்த ஊர் கரண்டைப் பற்றி எனக்கா சொல்கிறாள். சாஃப்ட்வேர் ஏறியது. நம் வீட்டுக் கதவு எண் மாதிரி இதற்கும் ஒரு எண் கொடுத்தேன், ரௌட்டருக்கு ஒயர் இழுத்தேன், மானிட்டரைக் கழற்றிவிட்டேன், இனிமேல் இதற்கு முகம் வேண்டாம், அந்தப் பக்கத்து மேஜையில் இருக்கிற புதுக் கம்ப்யூட்டரிலிருந்தே எல்லாம் பேசிக்கொள்ளலாம். பேசியது. எண்ணைத் தட்டியதும் காலியாக ஒரு பெரிய அறை திறந்தது மாதிரி திரை வந்து நின்றது. ஐம்பத்தோரு வயதில், கம்ப்யூட்டர் கிளாஸுக்கே போகாதவள், நான் ஒரு சர்வர் போட்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எதிர்க்கடை அக்காவிடம் சொன்னால் சர்வர் என்ன சம்பளம் கேட்கிறான் என்பாள்.

முதலில் எதை ஏற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, 'தனி' என்று பேர் போட்ட ஃபோல்டர்தான். கல்யாணம் சடங்கு எல்லாம் அவரவர் வீட்டில் ஆல்பமாக இருக்கிறது, 'தனி' எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அது இருப்பதே எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஆரம்பத்தில் ஒரு பெரியவர் செத்துப்போனார், வீட்டில் ஒரு படம்கூட இல்லை என்று பேரன் ஓடி வந்தான், ஃபிளெக்ஸ் ஒரு மணி நேரத்தில் வேண்டும், பாடி எடுப்பதற்குள் தெருமுனையில் கட்ட வேண்டும், வீட்டுக்காரர் ஒரு குரூப் போட்டோவிலிருந்து அவர் தலையை வெட்டி எடுத்துக் கொடுத்தார், அவசரத்தில் பக்கத்திலிருந்தவர் கை மட்டும் பெரியவர் தோளில் தங்கிவிட்டது. 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, தோளில் யாருடையதோ கை, மோதிரத்தோடு. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து இவர் சோறு சாப்பிடவில்லை. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், கூட்டத்தில் வயதானவர்கள் கண்ணில் பட்டால், முடியாதவர்கள் கண்ணில் பட்டால், ஒரு ஓரமாக நிற்க வைத்து ஒரே ஒரு படம், நேராகப் பார்த்து, நெற்றி தெரிய, காது ரெண்டும் தெரிய. எதற்கு என்று சொல்ல முடியுமா. "அப்பத்தா, லைட் செக் பண்ணிக்கிறேன், செத்த இங்கிட்டு பாருங்க" என்பார், அவ்வளவுதான், அவர்களும் மாராப்பைச் சரி பண்ணிக்கொண்டு பார்ப்பார்கள், லைட் சரியாக இருக்கிறதா என்று அக்கறையாகக் கேட்கிறவர்கள்கூட உண்டு. அது அன்றைக்கு ராத்திரியே 'தனி'க்குள் போய்விடும். பிறகு என்றைக்காவது ஒருநாள் அந்த வீட்டிலிருந்து ஓடி வருவார்கள். அதிலும் இவருக்கு ஒரு கணக்கு உண்டு, படம் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷமே தெரியும், இருந்தாலும் எடுத்து நீட்டமாட்டார், "கெடக்குதான்னு பாக்குறேன், ஒக்காருங்க" என்று பத்து நிமிஷம் அங்கிட்டும் இங்கிட்டும் தேடுவது மாதிரி மவுஸை உருட்டுவார். உடனே கொடுத்தால் எங்கப்பன் சாவுக்கு நீ ரெடியாக இருந்தாயா என்று மனசு கோணிப்போகுமாம். ஊரில் எல்லோரும் இவர் பேரை வைத்துத்தான் சொல்வார்கள், குழந்தைசாமி ஸ்டுடியோவில் எப்படியோ ஒரு படம் கிடைத்துவிடும், ராசியான கடை என்று. ராசியாம்.

அந்த ராசியில்தான் நான் பொட்டு வைத்தேன்… சரி, வந்துவிட்டது, வரட்டும், எத்தனை நேரம்தான் வாசலில் நிறுத்தி வைப்பது. போன புரட்டாசி ஆயுத பூஜை. கேமரா, லென்ஸ், குடை லைட்டு, பிரிண்டர், எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் அடுக்கி, டிஸ்க் ஒன்பதையும் துண்டை உருவி வரிசையாக வைத்து, சந்தனம் குழைத்து நான்தான் ஒவ்வொன்றுக்கும் வைத்தேன், சந்தனம் அதன்மேல் குங்குமம். மூன்றாம் நம்பர் டிஸ்க்கில் பார்த்தால் பொட்டு வைக்கச் சொல்லியே செய்தது மாதிரி சின்னதாக ஒரு ஓட்டை, சுற்றிலும் வட்டம் போட்டு, ஏதோ இங்கிலீஷில் எழுதி. அட, இடம் பார்த்து வைத்திருக்கிறானே என்று நினைத்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தி வைத்தேன். கார்த்திகையில் அந்த டிஸ்க் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது, ஒரு வாரம் அடித்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பிராங்க்ளினிடம் கொண்டுபோனேன், அவன் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த ஓட்டையில என்ன மஞ்சளா அடைச்சிருக்கு? இது டிஸ்க்கு மூச்சு விடுற எடம்க்கா. இத மூடாதீங்கன்னு எழுதியே இருக்கு பாருங்க" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுனாலதான் போச்சுன்னு சொல்ல முடியாதுக்கா, வயசானதும் போகும்" என்றான். நல்ல பையன். சென்னைக்கு அனுப்பியும் ஒன்றும் மீளவில்லை. மூன்றாம் நம்பரில் இருந்தது நாலு வருஷத்து 'தனி', எண்ணூறுக்கு மேல் முகங்கள், நானே பூஜை பண்ணி, சூடம் காட்டி, மூச்சை அடைத்து… வீட்டில் வந்து, டிஸ்க் பழசாகிவிட்டதாம் என்று சொன்னேன். அவரும் சரி என்றார்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. மாசி மாதம் காரையூரிலிருந்து வீரய்யா வந்தார், அவர் பெண்சாதி மூக்காயி காலையில் தவறிவிட்டது என்று. அந்த அம்மாவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தன் அக்கா பேத்தி சடங்கில், கத்தரிப்பூ நிறப் புடவை, லைட் செக் என்றதும் மூக்குத்தியைத் திருகி நேராக்கிக்கொண்டது. அந்த வருஷம் மூன்றாம் நம்பரில். அன்றைக்கு இவர் நடிக்கவில்லை, நிஜமாகவே தேடினார், ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டி, ஒவ்வொரு வீட்டு விசேஷமாகத் திறந்து, வீரய்யா பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒன்றரை மணி நேரம். கடைசியில் ஆதார் கார்டில் இருந்ததைத்தான் பெரிசு பண்ணினோம். ஆதார் படத்தில் யார்தான் ஆள் மாதிரி இருக்கிறார்கள், அந்த அம்மா எதையோ கண்டு மிரண்டு நிற்பது மாதிரி இருந்தது, கண் ரெண்டும் புள்ளி புள்ளியாக. வீரய்யா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவால்லம்மா. எனக்குத் தெரியும்ல அவ மூஞ்சி. ஊருக்குத்தான இது" என்றார். திட்டியிருக்கலாம், ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருக்கலாம். பதினாறு நாள் அந்த ஃபிளெக்ஸ் காரையூர் பஸ் ஸ்டாப்பில் இருந்தது, பஸ்ஸில் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். இன்றைக்கும் எந்தப் பழைய படத்தைத் திறந்தாலும் பின்வரிசையில், பந்தியில், கத்தரிப்பூ நிறத்தில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, இந்தச் சர்வர் அதுதான், பண்ணாமலும் இருக்க முடியவில்லை.

மிச்சமிருக்கிற 'தனி' ஏழாம் நம்பரில். அதற்கு இன்னொரு காப்பி எங்கும் கிடையாது. ஏழாம் நம்பரை மாட்டி, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பிடித்து இழுத்துச் சர்வருக்குள் போட்டேன், பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தது, மீதி நேரம் நாற்பது நிமிஷம் என்றது, பிறகு மூன்று மணி நேரம் என்றது, பிறகு இரண்டு நாள் என்றது, பிறகு பதினேழு நிமிஷம், இதற்கு நம் ஊர் மினி பஸ் கண்டக்டரே தேவலை. அவரிடம் எப்போது சொல்வது… இன்றைக்குச் சொல்லிவிடலாம், இது ஓடி முடிந்தபின், இதோ பாருங்கள் இனிமேல் போகாது என்று காட்டிவிட்டு, அந்தக் கையோடு, அந்த மூன்றாம் நம்பர் தானாகப் போகவில்லைங்க என்று… சொல்லிவிடலாமா? எட்டு மாதம் சொல்லாததை. அவர் கோபப்படமாட்டார், அதுதான் கஷ்டம், கோபப்படுகிற மனுஷனாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கமுக்கமான ஆள், மனசில் என்ன ஓடுகிறது என்று இருபத்தேழு வருஷமாகத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறேன்… டப்பென்று ஃபேன் நின்றது. கரண்ட். ஆடிக் காத்துக்கு எங்கேயோ மட்டை விழுந்திருக்கும். புதுக் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் நிற்கிறது, கீ கீ என்று கத்துகிறது, சர்வர் பெட்டியையும் ரௌட்டரையும் அதிலேயே செருகியிருக்கிறேன், மூன்றையும் தாங்குமா, பட்டை எழுபத்தொன்றில் இருக்கிறது, எழுபத்தொன்று, எழுபத்தொன்று, நகரேன், எழுபத்திரண்டு… பன்னிரண்டு நிமிஷம் தாங்கும் என்று போட்டிருந்தான், போட்டிருப்பதை எல்லாம் நம்பலாமா, ஓட்டைக்குப் பக்கத்தில் போட்டிருந்ததைப் படிக்காமல் விட்டவள்தானே நான். கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். தொண்ணூற்று நாலு. கீ கீ வேகமாகிறது. தொண்ணூற்றொன்பதில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, பட்டை மறைந்தது. முடிந்துவிட்டதா, அறுந்துவிட்டதா என்று பார்ப்பதற்குள் எல்லாம் இருட்டாகிவிட்டது.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று என்னமாய் வருகிறது, புழுதியோடுதான், வரட்டும். சித்தன்னவாசலில் கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை வைத்துப் படம் எடுக்கப் போவோமே, அங்கே மேலே குகையில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறது, பாதிதான் இருக்கிறது, மீதி உதிர்ந்துவிட்டது, வரைந்தவன் கெட்டியாகத்தான் வரைந்திருப்பான், யார் எந்த நல்ல எண்ணத்தில் எங்கே கையை வைத்தார்களோ. எனக்கு அந்த உதிர்ந்த இடத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் பாவமாக இருக்கிறது, கை வைத்தவர்களை நினைத்துத்தான் பாவமாக இருக்கிறது. அரை மணி நேரம் போயிருக்கும், ஃபேன் சுற்றியது, நான் எழுந்திருக்கவில்லை, மூலையில் அந்தப் பெட்டி தானாக விர்ரென்றது, ஒரு பீப், பச்சை விளக்கு, டிஸ்க் ரெண்டும் மினுக் மினுக். யாரும் தொடவில்லை. அறிவுமதி எழுதிய ஏழாவது நம்பர், மறந்துராதம்மா. என் தங்கமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், மகளையா பெட்டியையா என்று கேட்டால் தெரியாது.

காப்பி ஆகிவிட்டது என்று அது சொன்னால் நம்பக் கூடாது, திறந்து பார்த்தால்தான் பேக்கப், இதுவும் அறிவுமதி எழுதியதுதான், கடைசி நம்பர். திறந்தேன். சர்வருக்குள் 'தனி', உள்ளே வருஷ வருஷமாக, ஏழாம் நம்பரில் எத்தனையோ இங்கும் அத்தனை. வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமாகத் தட்டிப் பார்க்கிறேன், பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள், மீதிப் பேர் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குகிறார்கள், எல்லோரும் என்னையே நேராகப் பார்க்கிறார்கள், லைட் சரியா இருக்காம்மா என்று. பயமே இல்லை எனக்கு இவர்களிடம், நல்ல சனங்கள். இந்த வருஷத்து ஃபோல்டரைத் திறந்தேன், பங்குனி, கண்டியாநத்தத்துக் கல்யாணம், ஒரு தாத்தா, ஒரு அப்பத்தா, தடியூன்றிய ஒருத்தர், அப்புறம் சிமெண்ட் கலர் புடவையில் ஒருத்தி, நேராகப் பார்த்து, நெற்றி தெரிய, காது ரெண்டும் தெரிய, தோட்டில் ஒன்று கோணலாக… நான். நான்தான். மண்டபத்து வாசலில் குடை லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், "அமிர்தம், லைட் செக், இங்கிட்டு பாரு" என்றார், பார்த்தேன். பதினாறு வருஷம் அந்தப் பொய்யைப் பக்கத்திலேயே நின்று கேட்டவள், எத்தனை பேரிடம் நானே அதைச் சொல்லியிருப்பேன், என்னிடம் சொன்னதும் மாராப்பைச் சரி பண்ணிக்கொண்டு பார்த்திருக்கிறேன். முதலில் சுள்ளென்று கோபம் வந்தது, ஐம்பத்தோரு வயது ஒரு வயதா, எனக்கு என்ன வந்துவிட்டது என்று என்னைக் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்தார் இந்த மனுஷன். பிறகு தேதியைப் பார்த்தேன். வீரய்யா வந்து போனபின் வந்த முதல் கல்யாணம் அது. அதற்கு நடுவில் எங்களுக்கு வேறு விசேஷமே இல்லை. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பெஞ்சில் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது இவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், வாயைத் திறக்காமல். அழுகை வந்தது, அழுதேன், யார் இருக்கிறார்கள் பார்க்க.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து, சரி, உங்களுடையது எங்கே என்று தேடினேன். இந்த வருஷம், போன வருஷம், அதற்கு முந்தி, 'தனி'யில் இல்லை. இருக்காது, யார் எடுப்பது, கேமராதான் அவர் கழுத்திலேயே கிடக்கிறதே. விசேஷ ஃபோல்டர்களில் பார்த்தேன், ஒன்றில் கண்ணாடியில் முழங்கை, ஒன்றில் வீடியோக்காரருக்குப் பின்னால் முதுகு, எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறார், ஒல்லியாக, மீசை இல்லாமல், அதைக் கரையான் ஒரு ஓரம் தின்றுவிட்டது. மகள் நிச்சயத்தில்கூடக் கேமராவை விடவில்லை. ஆக இருப்பது ஆதார் கார்டுதான். அதில் அவருக்குத் திருட்டு முழி… சீ, வாயில் போடு, என்ன நினைப்பு இது, நல்ல நாளும் அதுவுமாக. நன்றாகத்தான் இருக்கிறார், மாடிப்படியை ரெண்டு ரெண்டாக ஏறுகிறார். ஒரு படம் எடுத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் எப்படிக் கேட்பது, எவரிடமும் சொல்லி ஏமாற்றலாம், அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரிடமே அதைச் சொன்னால்…

நாலு மணிக்கு மேல் வந்தார். கேமராப் பையை மேஜையில் வைத்துவிட்டு, "அறுநூத்திப் பன்னெண்டு பிள்ளைக அமிர்தம், இங்கிட்டு பாரு இங்கிட்டு பாருன்னு தொண்டையே போச்சு" என்றார். பிறகு மூலையைப் பார்த்தார். "இதுதானா ஒன் சர்வரு? சத்தத்தையே காணோம்?"

"சத்தமில்லாம வேலை பாக்கும், ஒங்கள மாதிரி."

சிரித்தார். குனிந்து அந்தப் பச்சை விளக்குகளைப் பார்த்தார். "பொட்டு வைக்கலையா?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிகிறது, வாயைத் திறந்தும்விட்டேன், "ஏங்க, அந்த மூணாம் நம்பரு…" அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை, சாமி மாடத்துக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார், நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார், பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தார், பின்னால் தலையை நீட்டிப் பார்த்தார், ஃபேன் இருக்கிற இடத்தைப் பார்த்தார், அப்புறம் முன்பக்கத்துத் தகரத்தில், ஸ்விட்சுக்கு மேலே, ஒரு துளை இல்லாத இடமாகப் பார்த்து மோதிர விரலால் லேசாக ஒற்றினார். "முன்னாடியே இருக்கட்டும். பின்னால பக்கத்துல எல்லாம் வேணாம். அது மூச்சு விடணும்ல" என்றார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை. எப்போதிருந்து தெரியும்? பிராங்க்ளின் சொன்னானா, அல்லது அந்த ஆயுத பூஜையன்றே என் பக்கத்தில் நின்று பார்த்தாரா, எட்டு மாதமாக நான் சுமந்ததை இவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் நடந்தாரா… மேஜையில் இருந்த பையைத் திறந்து கேமராவை எடுத்தேன்.

"ஏங்க."

"ம்."

"லைட் செக் பண்ணணும். செத்த இங்கிட்டு பாருங்க."

தண்ணீர்ச் சொம்பைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், நான் திரையை மூட மறந்திருக்கிறேன், அங்கே சிமெண்ட் கலர் புடவையில் நான் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொம்பைக் கீழே வைத்தார், சட்டையின் மேல் பித்தானைப் போட்டார், கையால் தலையைக் கோதிக்கொண்டார், சுவரோரம் போய் நின்றவர், மறுபடி நகர்ந்தார். "சட்டையும் வெள்ளை, சொவரும் வெள்ளை. வெட்டுறப்ப ஓரம் பிடிபடாது. கதவுப் பக்கமா நிக்கிறேன்." நீலக் கதவுக்கு முன்னால் நேராக நின்று, நெற்றி தெரிய, காது ரெண்டும் தெரிய, என்னைப் பார்த்தார். எடுத்தேன். "கண்ணு மூடிட்டேன்னு நெனைக்கிறேன், இன்னொண்ணு எடு." எடுத்தேன். நல்ல படம், வாய் சிரிக்கவில்லை, கண் சிரிக்கிறது, இருபத்தேழு வருஷத்தில் இந்த முகத்தை இத்தனை நேரம் இத்தனை நேராக நான் பார்த்ததில்லை.

கார்டைச் செருகி, அந்தப் படத்தைப் பிடித்து இழுத்து, இந்த வருஷத்து 'தனி'க்குள் என் பக்கத்தில் விட்டேன். மூலையில் விளக்கு ரெண்டும் ஒரு நொடி சேர்ந்து மினுக்கிவிட்டு அடங்கின. அவ்வளவுதான், ரெண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறோம். அவர் சொம்பைத் தூக்கிக் கடகடவென்று குடிக்கிறார், எனக்குப் பசிக்கிறது, மத்தியானம் சாப்பிட மறந்திருக்கிறேன், மனசு அப்படிக் குளிர்ந்து கிடக்கிறது. அப்போதுதான் போன் அடித்தது, அறிவுமதி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, எல்லாத்தையும் தெறந்து பாத்தியா?"

"பாத்தேன்டி. எல்லாம் இருக்கு."

"சூப்பர்மா. பாஸ்வேர்ட எங்கயாச்சும் எழுதி வை. எனக்கும் அனுப்பு."

அனுப்பத்தான் வேண்டும். இத்தனை நாள் எவர் வீட்டிலிருந்து வந்தாலும் திறந்து கொடுக்க நாங்கள் இருந்தோம், எந்த ஃபோல்டர், எந்த வருஷம் என்று எங்களுக்குத் தெரியும், எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அப்படியானால் எங்களுக்காக வந்து தேடப் போகிறவள்… "அனுப்புறேன். உள்ள ஒரு ஃபோல்டரு இருக்கு, அது எங்க இருக்குன்னு மட்டும் நீ தெரிஞ்சு வச்சுக்க" என்று சொல்லிவிட்டேன், எப்படி வாயில் வந்தது என்றே தெரியவில்லை.

"எந்த ஃபோல்டரும்மா? எதுக்கு?"

அவர் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். ஊரில் எல்லோரையும் சமாளிக்க ஒரு சொல் வைத்திருந்தோம், இவளுக்கு என்று ஒன்று யோசிக்கவே இல்லையே.

"அம்மா, லைன்ல இருக்கியா?" என்கிறாள்.

இருக்கிறேன்.